அம்மாள் காத்திருந்த தேர்த்திருவிழா

நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி, எங்கடை அம்மன் கோயில் தேர்த்திருவிழா அண்டு நடந்தது இது. சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் போற தோட்டக்காரக் கிராமம் எங்கடை ஊர். கோயிலின்ரை வெளிவீதியிலைதான் வீடு. படலையைத் திறந்தா கோபுரம் தெரியும். கோயில் மணிக்குத்தான் நாங்கள் எழும்பினது, பள்ளிக்கூடம் வெளிக்கிட்டது, அடுப்பு மூட்டினது எல்லாம்.

என்ரை தம்பி ஒரு தேர்ப் பைத்தியம். சின்னனிலை மற்றப் பொடியள் ஐஸ்கிறீம் வானைச் சுத்த, அவன் தேர்ச் சில்லைச் சுத்திக்கொண்டு நிப்பான். வளந்தாப் பிறகு சில்லுக்குக் கட்டை போடுற வேலையை அவனிட்டைக் குடுத்திட்டினம். வடத்தை ஊரே கூடி இழுக்கலாம். ஆனா தேர் எங்கை திரும்பவேணும், எங்கை நிக்கவேணும் எண்டது, சில்லுக்கடியிலை குனிஞ்சு கட்டை வைக்கிறவன்ரை கையிலைதான் இருக்கு. கொஞ்சம் பிசகினாக் கால் போயிடும். நான் வாசலிலை நிண்டு திட்டுவன், அவன் பல்லைக் காட்டுவான். எங்கடை படலைக்கு நேரை வந்த உடனை கட்டையைச் செருகித் தேரை நிப்பாட்டிப்போடுவான். நடக்க ஏலாத எங்கடை அம்மா கதிரையிலை இருந்தபடி கும்பிட்டு முடிக்குமட்டும் எடுக்கமாட்டான். கோயில் சபைக்காரர் கத்துவினம். "மனிசி கும்பிடட்டும், தேர் ஓடிப்போகாது" எண்டுவான். அம்மா செத்தாப் பிறகும் அந்தப் பழக்கத்தை அவன் விடேல்லை.

அவனுக்குத்தான் இரண்டு கிட்னியும் பழுதாப்போச்சு. குடியில்லை, ஒரு வெத்திலைகூடப் போடாதவன். ஆசுப்பத்திரியிலை மெசினிலை ரத்தம் சுத்தம் செய்துபோட்டு வரேக்கை பிழிஞ்செடுத்த துணி மாதிரி இருப்பான். நான் விரதம் பிடிச்சன், நெய்விளக்கு ஏத்தினன், வெளிவீதி முழுக்க விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிச்சன். முழங்கால் உரிஞ்சதுதான் மிச்சம். அப்பா சண்டைக்குள்ளை ஷெல் விழுந்து செத்த காலத்திலையே எனக்கும் கோயிலிலை இருக்கிற அம்மாளுக்கும் அரைவாசிக் கதைபேச்சு நிண்டுபோச்சு. மிச்சம் இருந்த அரைவாசி அந்த ஆசுப்பத்திரி வாட்டிலை முடிஞ்சுது. தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலிலை பள்ளிக்கூடம் போற வயசிலை ஒரு பெட்டை, அவளுக்கும் அதே மெசின். "இந்தக் குஞ்சு என்னடா பாவம் செய்தது?" எண்டு தம்பியைக் கேட்டன். "எனக்கென்ன தெரியும் அக்கா, எனக்குக் கட்டை போடத்தான் தெரியும்" எண்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தேருக்கு வீட்டிலை நிக்கவேணும் எண்டது அவன்ரை ஆசை. டாக்குத்தரும் கொண்டுபோங்கோ எண்டிட்டார். அவர் ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு எங்களுக்கு விளங்கினது. தேரண்டு விடியக்காலமை, கோயிலிலை முதல் மணி அடிக்கிறதுக்கு முந்தி, அவன்ரை பெண்சாதி, என்ரை மச்சாளின்ரை கையைப் பிடிச்சபடியே போயிட்டான்.

எங்கடை ஊரிலை ஒரு வழக்கம் இருக்கு. கோயில் வீதியிலை செத்தவீடு எண்டா பிரேதம் எடுக்குமட்டும் கோயில் திறக்காது. பூசை இல்லை, மணி இல்லை, அன்னதானம் இல்லை. ராத்திரியே சாத்துப்படி எல்லாம் முடிஞ்சு அம்மாள் உள்ளுக்கை, சோடிச்ச தேர் வெளியிலை. வெளிநாட்டாலை வந்த சனம், காவடிக்காரர், பாற்செம்பு எடுக்கிற பெண்டுகள் எல்லாரும் வீதியிலை.

எங்கடை வீட்டுக்குள்ளை வேறை ஒரு கரைச்சல். தம்பிக்கு ஒரே ஒரு மகள். கண்டிப்பக்கம் கம்பஸிலை படிக்கிறாள். தனக்குக் கடுமை எண்டு சொல்லிச் சோதனை நேரம் அவளைக் குழப்பாதேங்கோ எண்டு அவன்தான் எங்களை மறிச்சு வைச்சவன். விடிய நான்தான் போன் எடுத்துச் சொன்னனான். கிடைச்ச பஸ்ஸிலை ஏறினவள், வந்துசேரப் பின்னேரமாகும். "மாமி, நான் வந்து முகம் பாக்குமட்டும் அப்பாவை எடுத்துப்போடாதேங்கோ" எண்டு கேட்டாள். வேறை ஒண்டும் அவள் கேக்கேல்லை.

கொஞ்ச நேரத்தாலை சபைக்காரர் இரண்டு பேர் படலையடிக்கு வந்தினம். மரியாதையாத்தான் கதைச்சவை. குறை நினைக்காதேங்கோ அக்கா, வெள்ளன எடுத்தா வெயிலுக்கு முந்தித் தேரை இழுத்துப்போடலாம் எண்டினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்கடை அம்மாளுக்கு அவசரமெண்டா அவவைக் கொண்டுபோங்கோ, என்ரை தம்பி இஞ்சைதான் கிடப்பான்" எண்டு வீதிக்குக் கேக்கக் கத்தினன். எனக்கு ஆர் மேலை கோவம் எண்டு எனக்கே தெரியேல்லை.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஐயர் வெளியிலை வந்தார். வயசு போன மனிசன். கையிலை திருவிழாக் காப்புக் கட்டினவர் செத்தவீட்டு வாசலுக்கு வரக்கூடாது. வீதியின்ரை மற்றக் கரையிலை, வெறுங்காலோடை வெயிலுக்கை நிண்டார். சரி, ஏசப்போறார், நானும் விடுறேல்லை எண்டுதான் நிண்டனான்.

"பிள்ளை, பெட்டை வந்து தேப்பன்ரை முகம் பாக்கட்டும். அம்மாள் எங்கை போகப்போறா? இருப்பா" எண்டார்.

சொல்லிப்போட்டுச் சபைக்காரரையும் கூட்டிக்கொண்டு போயிட்டார். படலைக் கட்டையைப் பிடிச்சுக்கொண்டு அதிலையே குந்தி இருந்திட்டன்.

பிறகு நடந்ததைத்தான் நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். சனம் கலையேல்லை. விரதகாரர் பச்சைத்தண்ணியும் குடியாமல் வேம்புக்குக் கீழை இருந்தினம். ஆரோ ஒரு பொடியன் தம்பியின்ரை மகளோடை போனிலை கதைச்சுக் கதைச்சு வீதிக்குச் சொன்னான். வவுனியா தாண்டியாச்சாம். கிளிநொச்சியாம். ஆனையிறவாம். அவளை முன்னைப்பின்னைக் காணாத சனமெல்லாம் "பிள்ளை இப்ப எங்கையாம்?" எண்டு ஆளை ஆள் கேட்டுக்கொண்டு நிண்டுது. சந்தியிலை ஒருத்தன் மோட்டச்சைக்கிளோடை அவளை ஏத்தக் காத்துக்கொண்டு நிண்டான்.

அவள் வந்தாள். தேப்பன்ரை கன்னத்தை இரண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு அழுதாள். எங்களாலை பாத்துக்கொண்டிருக்க ஏலேல்லை. ஆனா அவள் பாத்திட்டாள். கடைசியா அவன்ரை முகம் அவளுக்குக் கிடைச்சுது.

வடம் பிடிக்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்த பொடியள்தான் தம்பியைத் தூக்கினவை. நாங்கள் பெண்டுகள் படலையோடை நிண்டிட்டம், சுடலைக்குப் போறேல்லை. வீதி முடக்கிலை ஆக்கள் மறைஞ்சு, வீடு கழுவக் கிணத்திலை தண்ணி அள்ளிக்கொண்டு நிக்கேக்கை கோயில் மணி அடிச்சுது. பிறந்த நாள் தொட்டுக் கேட்ட மணி. அண்டைக்கு அதைக் கேக்க, தம்பி உண்மையாவே போயிட்டான் எண்டு நெஞ்சுக்குள்ளை இறங்கினது. வாளியைப் போட்டிட்டுக் குழறி அழுதன்.

பொழுதுபடுற நேரம் தேர் இழுத்தினம். செத்தவீட்டுத் துடக்கு எண்டபடியாப் படலையைச் சாத்திப்போட்டு உள்ளை இருந்தம். தேர் எங்கடை வாசலுக்கு நேரை வந்து நிண்டுது. மேளமும் நிண்டுபோச்சு. நான் தகரப் படலை நீக்கலுக்குள்ளாலை பாத்தன். அம்மாளைத் தெரியேல்லை. சில்லும், சில்லுக்கடியிலை கட்டையும், சுடலையாலை வந்து முழுகித் தலைத்தண்ணி காயாத ஒரு பொடியன் குனிஞ்சு நிக்கிறதும்தான் தெரிஞ்சுது. தம்பியைக் காவிக்கொண்டு போனவையிலை அவனும் ஒருத்தன். நான் கை கூப்பேல்லை. ஆனா அந்த நீக்கலை விட்டு விலகவும் இல்லை.

இப்பவும் ஒவ்வொரு வருசமும் தேர் எங்கடை படலையடியிலை நிக்கும். அந்தப் பொடியன்தான் கட்டை போடுறான். நான் வெளியிலை போய் நிக்கிறனான். எனக்கு அதைத் தா இதைத் தா எண்டு கேக்கிற பழக்கம் போயிட்டுது. என்ரை தம்பியையும் அந்த வாட்டிலை கிடந்த குஞ்சையும் ஏன் அப்பிடி வதைச்சனீ எண்டு ஒண்டைத்தான் வருசா வருசம் கேக்கிறன். அம்மாளாச்சி இண்டுவரைக்கும் பதில் சொல்லேல்லை. ஆனா எங்களுக்காக ஒருநாள் முழுக்கக் காத்திருந்தவ எண்டபடியா, நான் கேட்டு முடிக்குமட்டும் நிண்டு கேட்டிட்டுத்தான் போறா எண்டு நினைக்கிறன்.