மேற்குச் சுவரின் ஏழாவது ஓட்டை

லியாகத் அலி கொத்தனார் கரண்டியை எடுக்குமுன் சுவரைத் தடவிப் பார்ப்பார். மசூதியானாலும் கோயில் மதிலானாலும் எங்கள் சர்ச் ஆனாலும் அப்படித்தான். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். முப்பது வருஷமாக எங்கள் சுவர்களுக்கு அவர்தான் வைத்தியர். ஆள் அதிகம் பேசமாட்டார். பேசுவதற்குத்தான் நான் இருக்கிறேனே, சபைச் செயலாளர் பிரேம்நாத், வாய் மூடாதவன்.

எங்கள் சர்ச் ஆயிரத்து எண்ணூறுகளில் மிஷனரிகள் கட்டியது. இரண்டடிக்கு மேல் தடித்த செங்கல் சுவர், கூரான வளைவு ஜன்னல்கள், மேற்கு முகப்பில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்கு மேலே ஏழு சதுர ஓட்டைகள். சாரத்து மூங்கிலைச் செருக அந்தக் காலத்துக் கொத்தனார்கள் விட்டுவைத்தவை. ஆந்தை எச்சம் வழிந்து முகப்பே நாறியது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா; வியாழனன்று அடைக்கச் சொன்னேன்.

அடைக்குமுன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவது பாயின் வழக்கம். ஆறு ஓட்டைகளை அப்படித்தான் அடைத்தார். ஏழாவதற்கு வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. கீழிருந்து கத்தினேன்.

“இன்னா பாய், புதையலா தேடிக்கினு இருக்கீங்க? சீக்கிரம் அடைங்கப்பா! சுண்ணாம்பு வேணாம், சிமெண்ட்டே போடுங்க. சட்டுனு இறுகும்.”

அடைத்துவிட்டார்.

மறுநாள் சாயங்கால ஜெபத்தில் பாட்டு நின்றதும் சுவர் சீறியது. வெளியே ஆந்தை அலற, உள்ளேயிருந்து பதில் வந்தது. ஜீவிதா டீச்சர் பைபிளைப் போட்டுவிட்டு ஓடினார். சர்ச்சைக் கட்டிய வெள்ளைக்கார துரை கல்லறையிலிருந்து எழுந்துவிட்டார் என்று தெருவெல்லாம் பேச்சு.

சனிக்கிழமை காலையிலேயே பாய் வந்து நின்றார்.

“சார், உள்ள குஞ்சு இருக்குது. அந்த ஏழாவதுல மட்டும் நான் கை உட்டுப் பாக்கல. இப்பவே உடைச்சிடறேன் சார்.”

“வெள்ளை அடிச்சாச்சு. நாளைக்கு பிஷப் வர்றாரு. திங்கக்கிழமை பாத்துக்கலாம், போங்க.”

“அதுவரைக்கும் தாங்காது சார்.”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவி நான்.

ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவே சீறல் மெலிசாகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தாய் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

திங்கள் மத்தியானம் பாய் உளியோடு ஏறினார். மூன்று குஞ்சுகளைத் துண்டில் முடிந்து இறக்கினார். பெயர்த்த சிமெண்ட் துண்டை என் கையில் வைத்தார். உள்பக்கம் பூராவும் நகக் கீறல்.

“ஈரமா இருந்தப்ப கீறிப் பாத்திருக்குது சார். சுண்ணாம்பா இருந்தா தள்ளிக்கினு வந்திருக்கும்.”

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் மனுஷன். திட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

சர்ச்சுக்குப் பின்னால் புதைத்துவிட்டு இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். பொழுது சாய்ந்ததும் தாய் ஆந்தை வந்தது. வாயில் எலி. திறந்திருந்த ஓட்டைக்குள் நுழைந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்தது. எலி வாயிலேயே இருந்தது.