முடி கொட்டாத வியாதிக்காரி

மார்பில் இருந்த கட்டியை எடுத்துவிட்டு மில்லர்புரம் வீட்டுக்கு வந்து படுத்த வாரம், என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் யாரும் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தார்கள். முடி அப்படியே இருந்தது. வந்தவர்களுக்கு அது சப்பென்று ஆகிவிட்டது.

“இன்னும் ஆரம்பிக்கலையோ?” என்று ஒருத்தி கேட்டாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு நாள் முந்தியே வந்து இறங்கிவிட்டவள் மாதிரி இருந்தது அவள் முகம். சத்துமாவு டப்பாவை மேசைமேல் வைத்தாள். “ஆரம்பிச்ச பொறவு இன்னொரு தடவை வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர்களுக்குத் தெரிந்த புற்றுநோய் எல்லாம் டிவி தொடரில் வருகிற புற்றுநோய். அதில் வருகிறவள் தலையில் துணி கட்டியிருப்பாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், கடைசியில் எல்லோரையும் மன்னிப்பாள். எனக்கு முடியும் இருந்தது, மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். காலையில் விளக்கேற்றிப் பெருமாளைச் சேவிப்பது, சனிக்கிழமை துளசி மாலை கட்டுவது, வீட்டைப் பார்ப்பது என்று காலத்தை ஓட்டியவள். வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளர். எங்கள் இருவருக்கும் ஜீன் என்றால் பையன்கள் போடுகிற கால்சட்டைதான் தெரியும். டாக்டரம்மா சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரிந்தது.

“எல்லா மார்புக் கட்டியும் ஒரே கட்டி இல்லம்மா. பூதக்கண்ணாடியில பார்த்தா ஒண்ணு மாதிரியே இருக்கும், குணம் வேறவேறயா இருக்கும். உங்களுக்கு வந்தது ஹார்மோனைத் தின்னு வளர்ற வகை. அக்குளுக்குப் பரவலை. அதனால கீமோ ஊசி வேணுமா வேண்டாமான்னு ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

வெட்டி எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம். அதில் ஒரு சீவல் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்புவார்களாம். கட்டிக்குள் எந்த ஜீன் சத்தமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து ஓர் எண் கொடுப்பார்களாம். எண் கூடுதலாக இருந்தால் கீமோவால் பலன் உண்டு. குறைவாக இருந்தால் கீமோ போட்டு உடம்பைக் கெடுத்ததுதான் மிச்சம்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. எங்கள் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் எல்லா வாயும் பேசுவதில்லை. நாலு பேர் கத்துவார்கள், மற்றவர்கள் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடு எப்படிக் கெடும் என்று தெரிய வேண்டுமானால் எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணிப் பிரயோஜனம் இல்லை. எது கத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கத்துகிற வாய் என் மதினியுடையது. வீட்டுக்காரரின் அக்கா. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் வாக்கப்பட்டு, வயலும் வாழைத்தோட்டமும் உள்ள வீட்டில் அதிகாரம் செய்து பழகியவள். என்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று வாழைத்தாரோடு வந்து இறங்கினாள். கவனித்தாள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ரசத்தைப் போலவே புத்திமதியையும் மூன்று வேளை ஊற்றினாள்.

“ஜீன்னா வம்சம்லா? எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது, பாத்துக்கோ. அந்தச் சீட்டுல ஒன் அப்பன் வீட்டுப் பேருதான் வரும்.”

“டெஸ்ட் எனக்கு இல்ல மதினி, கட்டிக்கு. அதுக்கு அப்பன் வீடும் கிடையாது, மாமியார் வீடும் கிடையாது.”

“கட்டிக்கு டெஸ்டா! வெட்டித் தூரப் போட்டதுக்குப் போய் டெஸ்டாம். செத்த மாட்டுக்கு வைத்தியம் பாக்க மாதிரில்லா இருக்கு. காசு புடுங்குத வேலைளா இது.”

முடிவு வரவில்லை. காத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை மதினி குளித்து, திருமண் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பெருமாள் படத்துக்கு முன்னால் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து படத்தின் ஆணியில் தொங்கவிட்டாள்.

“என்ன நேந்திய மதினி?”

“ஒன் முடியத்தான். திருப்பதில வந்து முழு மொட்டை போட்டுக்கிடுவா, நல்லாக்கிருன்னு சொல்லிட்டேன்.”

“என் முடியவா?”

“ஊசி போட்டா எப்படியும் கொட்டத்தானளா போகுது? சீப்புல வந்து குப்பைக்குப் போறத, முந்தியே பெருமாளுக்குக் குடுத்தா புண்ணியம்லா?”

ராத்திரிக்குள் கெட்டுவிடும் என்று தெரிந்த குழம்பை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அன்னதானம் என்று சொல்லிக்கொள்கிற பக்தி இது. அதுவும் என் குழம்பை எடுத்து இவள் கொடுக்கிறாள். பெருமாளிடம் நான் தனியாகச் சொன்னேன்: “இவ சொன்னது என் காதுல விழுந்துட்டு. நீ விழாத மாதிரி இருந்துக்கோ.”

முடிவு வந்தது. எண் குறைவு. “கீமோ வேண்டாம்மா. உங்களுக்கு அதனால கூடுதலா எதுவும் ஆகப்போறதில்லை. காயம் ஆறட்டும், கரண்ட் வச்சிருவோம், அப்புறம் தினம் ஒரு மாத்திரை, சில வருஷத்துக்கு” என்றார் டாக்டரம்மா. கரண்ட் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது கதிர்வீச்சு கொடுப்பதை. வீட்டுக்கு வந்து பெருமாள் முன்னால் விழுந்து அழுதேன். எழுந்து திரும்பினால் மதினி முகம் செத்துக் கிடந்தது. எண் கூடிவிட்டதோ என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

“அதெப்படி ஊசி இல்லாம?”

“வேண்டாம்னு சொல்லிட்டாங்க மதினி. நல்லதுதானே?”

“என்ன நல்லது? நேந்துட்டேன்லா! ஊசி போட்டு முடி போச்சு, அதான் மொட்டைன்னா ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டா. கழுத்துல தாலி உள்ளவ சும்மாக் கெடந்து மொட்டை போட்டா என் தம்பிக்குல்லா ஆகாது?”

“அப்போ போடலை.”

“போடலைன்னா சாமி குத்தம். அதுவும் என் தம்பி தலையிலதான் வந்து விடியும்.”

எங்கள் பக்கம் புருஷன் இருக்கிற பெண் முழு மொட்டை போடுவதில்லை. மூன்று விரல் அளவு நுனியை வெட்டிக் கொடுப்போம், பூமுடி என்று பெயர். இது தெரியாதவளா மதினி? முடி எப்படியும் போகும் என்று கணக்குப் போட்டு நேர்ந்தாள். கணக்குத் தப்பியது. இப்போது முடியை எடுத்தாலும் தம்பிக்கு ஆகாது, எடுக்காவிட்டாலும் ஆகாது. ஆகவே எனக்குக் கீமோ போட்டாக வேண்டும். என் கட்டிக்குத் தேவைப்படாத மருந்து மதினியின் நேர்ச்சைக்குத் தேவைப்பட்டது. எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து இந்த நோயை வகைவகையாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த வகை அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அவள் என்னை விட்டுவிட்டுத் தம்பியைப் பிடித்தாள். “ஏலே, ஒரு பொண்டாட்டிதான் ஒனக்கு. ஊசி வேண்டாம்னு ஒரு சீட்டு சொல்லுதாம், நீயும் தலையாட்டிக்கிட்டு வாரே. நாளைக்குத் திரும்ப வந்தா சீட்டு வந்து காப்பாத்துமால?”

அதில் அவர் விழுந்துவிட்டார். மறுநாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரு பாதுகாப்புக்குப் போட்டுருவோமே. எல்லாருக்கும் போடுதாங்கதானே” என்றார்.

“நீங்க துறைமுகத்துல காத்தாலை றெக்கைய உர மூட்டை மாதிரியா தூக்குவிய?”

“அதெப்படி? அது நீளமானது, உடைஞ்சிரும். அதுக்குத் தனியா பட்டை கட்டித்தான் தூக்கணும்.”

“ஒரு பாதுகாப்புக்கு மூட்டை தூக்குத கொக்கியையும் மாட்டிப் பாக்க வேண்டியதுதானே?”

காபியைக் குடித்து முடித்தார். ஆனால் முகம் தெளியவில்லை. அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அந்தப் பயத்தை ஊதிவிட்ட வாயைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதினி சாட்சி தேடிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருக்கிறவள் திரேஸ்புரத்தில் பிறந்தவள், என்னைவிட வயதில் சின்னவள். அவளுக்கும் இதே நோய் வந்து, கீமோ எல்லாம் முடித்து, இப்போது சுருட்டை சுருட்டையாகப் புது முடி வளர்ந்திருக்கிறது. அவளைக் கையோடு கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தினாள் மதினி.

“சொல்லுளா இவகிட்ட. ஒனக்கு ஊசி போட்டாங்களா இல்லையா? நல்லாயிட்டியா இல்லையா?”

“போட்டாங்க பெரியம்மா. ஆனா எனக்கு வந்த வகை வேற. ஹார்மோன் மாத்திரைக்கெல்லாம் அது மசியாது. எங்கம்மாவுக்கு இருந்துச்சு, எங்க அக்காவுக்கு இருந்துச்சு. எனக்கு ரத்தத்துல வம்ச டெஸ்டே எடுத்தாங்க.”

“எல்லாம் ஒரே சீக்குதானே!”

“எனக்குக் குடுத்ததை இந்த அக்காவுக்கும் குடுக்கணுமா? இதென்ன எங்க மாதா கோயில் அசனச் சாப்பாடா பெரியம்மா, பந்தியில உக்காந்த எல்லாருக்கும் ஒரே கரண்டி ஊத்த?” என்றாள் அவள். “தண்ணி குடிச்சாக்கூடத் துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருந்துச்சு எனக்கு. வாயெல்லாம் புண்ணு. எனக்கு அது வேண்டிக்கிடந்துச்சு, வாங்கிக்கிட்டேன். வேண்டாதவளுக்கு எதுக்கு?”

சாட்சி கவிழ்ந்துவிட்டது. மதினி விடுவாளா? அடுத்த தடவை நானும் வீட்டுக்காரரும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது தானும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். உள்ளே போனதும் எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“டாக்டரம்மா, ஒரு ரெண்டு ஊசியாவது எழுதுங்க. லேசாப் போதும். முடி கொட்டுத அளவுக்கு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “போட்டா நல்லதான்னு ஒரு யோசனைம்மா. திரும்ப வந்துரக்கூடாதுல்லா” என்றார்.

“திரும்ப வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார் டாக்டரம்மா. “கீமோ போட்டாலும் பண்ண மாட்டேன். இந்த மாதிரி கட்டிக்குக் கீமோவால கிடைக்கிறது ரொம்பக் கொஞ்சம், படுறது ரொம்ப அதிகம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உடம்பு அவங்களோடது.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

சத்தியம் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் சத்தியம் செய்ய ஆள் இருந்தது, தெரிந்து பேசத்தான் ஆள் இல்லை. தெரிந்து பேசுகிற ஒருத்தி சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறாள். “பெருமாளே” என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

“வேண்டாம் டாக்டரம்மா. கரண்டுக்கு நாள் குறிங்க.”

வெளியே வராண்டாவில் மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “அப்போ என் நேர்ச்சை என்னளா ஆகுது?”

“அது உங்களுக்கும் பெருமாளுக்கும் உள்ள பேச்சு மதினி. என்னை எதுக்கு நடுவுல நிறுத்துதிய? உங்களுக்குந்தான் முடி இருக்கு.”

வீட்டுக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, இருமுவதைப் போல வாயைப் பொத்திக்கொண்டார். மதினி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள். வாழைத்தாரில் மீதி இருந்ததையும் எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார், “நெசமாவே ஒனக்குப் பயமில்லையா?”

“இருக்கு. குளிக்கும்போதெல்லாம் தடவித் தடவிப் பாக்கேன்.”

“அப்புறம் அங்கன எப்படி அவ்வளவு தைரியமாச் சொன்னே?”

“தைரியம்னு யாரு சொன்னா? பயந்துக்கிட்டேதான் சொன்னேன்.”

கரண்ட் வைத்து முடிந்தது. தோல் கொஞ்சம் கறுத்துப்போய், பிறகு தெளிந்தது. மாத்திரை நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மூட்டு வலிக்கும் என்று சொல்லியிருந்தார்கள், வலிக்கிறது. சேவித்துவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மதினி புரட்டாசியில் திருப்பதிக்குப் போய் மூன்று விரல் பூமுடி கொடுத்துவிட்டு வந்தாள். அவளுடைய நேர்ச்சையால்தான் நான் ஊசியில்லாமல் தப்பித்தேன் என்று அவள் ஊர்ப் பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். ரெண்டு ஊசி எழுதச் சொன்னது யார் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்த மாதம் படமெடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்ப வந்திருந்தால், அது எந்தக் குணத்தோடு வந்திருக்கிறது என்று மறுபடியும் பார்ப்பார்கள். அப்போது கீமோதான் வேண்டும் என்றால் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு என் நோய்க்காகப் போட்டுக்கொள்வேன், வேறொருத்தி நேர்ச்சைக்காக இல்லை.