கௌஸ் பாயின் டிவி கார்டு

உத்திரமேரூர் பஜாரில் முகம்மது கௌஸ் பாய்க்குப் பாத்திரக்கடை. பக்கத்திலேயே என் தையல்கடை. ரியாத்தில் வேலை பார்க்கும் மகன் நவாஸ் லீவில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்தான் பாயின் ஒரே கர்வம். அதில் டிவி கார்டு என்று ஒன்று. கேபிள் ஒயரைச் செருகினால் கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்கலாம், பிடித்ததைப் பதிவும் செய்துகொள்ளலாம்.

பாய்க்குப் பிடிக்காதது என்று எதுவும் இல்லை. செய்தி, கிரிக்கெட், நகை விளம்பரம் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஓய்வு கிடைக்கும்போது ஆற அமரப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நாளைக்குக் கனமழையாம் வேதகிரி, துணியெல்லாம் உள்ள எடுத்து வை" என்பார். அந்த மழை பெய்து, தெரு காய்ந்து, எனக்கு ஜலதோஷமும் பிடித்திருக்கும்.

அவர் மனைவி அலிமா அக்கா பிரமாதமாகச் சமைப்பார். பாய் மட்டும் ஒருநாளும் அதை ஒத்துக்கொண்டதில்லை. உப்பு கம்மி என்பார், புளி தூக்கல் என்பார். காஞ்சிபுரத்தில் டிவிக்காரர்கள் சமையல் நிகழ்ச்சி எடுத்தபோது, தால்ச்சா செய்துகாட்ட அக்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒளிபரப்பாகும் நேரம் பார்த்து மகள் சனோபருக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. அக்கா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பஸ் ஏறும்போதும் அதே கவலை.

"ஏங்க, டிவில நான் பேசினத ஒரு தபாவாவது பாக்கணும், கேக்கணும். மறந்துடாதீங்க."

"நான் எதுக்குக் கீறேன்? நீ போ."

அன்று மத்தியானம் வோல்டேஜ் ரொம்பக் குறைவு. கம்ப்யூட்டர் நடுவில் அணைந்துவிடுமோ என்று பாய் ஃபேனை நிறுத்தினார், பிரிட்ஜை நிறுத்தினார், கடைசியில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரையும் நிறுத்தினார். "பேச்செல்லாம் உள்ள பதிவாய்க்கினுதான் இருக்கும்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். வியர்க்க விறுவிறுக்க நாங்கள் இரண்டு பேரும் அக்காவை ஊமைப்படமாகப் பார்த்தோம். பாய்க்கு வாய் சும்மா இருக்குமா? படம் முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கடைக்கு வந்த பெண்களெல்லாம் பாயைப் பார்த்துச் சிரித்தார்கள். பாய் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார். என் மனைவி செங்கேணியும் சிரித்தாள். என்னவென்று கேட்டால், "அக்கா வரட்டும்" என்றாள்.

பேரன் பிறந்து அக்கா திரும்பி வந்ததும் எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் கூடினோம். திரையில் அக்கா பருப்பைக் கடைந்தபடி வாயைத் திறந்தார். கேட்டதோ பாயின் குரல்.

"பாத்தியா வேதகிரி, அந்தக் கைய!"

நவாஸோடு பேசுவதற்காகச் செருகிய மைக்கை யாரும் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் டிவியின் சத்தத்தை விட்டுவிட்டு எங்கள் பேச்சைப் பதிவு செய்திருக்கிறது. கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. "ஒரே ஒரு தபா வந்தேன். அதையும் கெடுத்துட்டீங்களே!"

பாய் மவுஸைத் தேடுவதற்குள் குரல் தொடர்ந்தது.

"இவ மாதிரி தால்ச்சா வெக்க ஆளு இல்ல வேதகிரி. ஆனா நான் எதுனா கொறை சொல்லிக்கினே இருப்பேன். கொறை சொன்னாத்தான் இன்னா ஏதுன்னு கேட்டுக்கினு பக்கத்துல நிப்பா. நல்லாகீதுன்னுட்டா அடுப்பாண்ட பூடுவா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். திரையில் அக்கா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல அக்கா இன்னா சொன்னாங்க தெரியுமா?" என்றாள் செங்கேணி. "வூட்டுக்காரர் இன்னா சொல்வாருன்னு நிகழ்ச்சி நடத்துற பொண்ணு கேட்டுச்சி. அவருக்கு என் சமையலே புடிக்காதும்மா, இத்தினி வருசத்துல ஒரு நல்ல வார்த்த சொன்னதில்லன்னாங்க."

அக்கா பாயைப் பார்த்தார். பாய் கீபோர்டைப் பார்த்தார்.

விஷயம் கேள்விப்பட்டு நவாஸ் போன் செய்தான். சென்னையில் தெரிந்தவர் மூலம் டிவிக்காரர்களிடம் கேட்டு, ஒழுங்கான சத்தத்தோடு சிடி வாங்கித் தருவதாகவும், பழையதை அழித்துவிடலாம் என்றும் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணும் வாணாம்பா" என்றார் அக்கா. "என் கொரலு எனக்குத் தெரியாதா? இது இப்டியே இருக்கட்டும்."