பாதி மாத்திரை

தாய்லாந்தில், கோன்கேன் பக்கத்து எங்கள் ஊரில் பதினைந்து வருடமாகச் சுகாதாரத் தொண்டராக இருப்பவள் லம்யாய். பன்னிரண்டு வீடுகள் அவள் பொறுப்பு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று வீடு வீடாகப் பார்த்து, அரசாங்கம் கொடுத்த அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறித்து வைப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக மாத்திரை போட்டார்கள்.

சர்க்கரைக்காரர்களில் புன்ருவன் அக்கா மட்டும் ஒரு வருடமாகச் சிவப்பை விட்டு இறங்கவில்லை. அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஊசி என்றால் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன் என்று புன்ருவன் ஒற்றைக் காலில் நின்றாள். அப்படி வராமல் இருந்த ஒருவருக்குக் காலையே எடுத்ததை லம்யாய் பார்த்திருக்கிறாள்.

“ஒட்டரிசிச் சோத்தை உருட்டி உருட்டி உள்ள தள்ளுனா சர்க்கரை எப்படிக்கா இறங்கும்?”

“ரெண்டே பிடிதான்டி தின்னேன்.”

“என் காதுல பூ சுத்தாதீங்க.”

கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று ஒரு நாள் லம்யாய் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய் நின்றாள். ஒட்டரிசிச் சோறு வைக்கும் மூங்கில் கூடையில் நிஜமாகவே கொஞ்சம் சோறுதான் இருந்தது. பாயில் உட்கார்ந்து புன்ருவன் மாத்திரையைக் கத்தியால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பாதிக்குக் கை நீட்டியபடி அவள் புருஷன் விச்சியன்.

“அவருக்கும் சர்க்கரைடி. கட்டட வேலைக்குப் போனப்ப ராயோங் ஊர்ல பதிஞ்ச இலவச வைத்திய அட்டை, இங்க செல்லாதாமே. சோத்தைப் பங்கு போட்டுத் தின்னுட்டு, மாத்திரையை மட்டும் தரமாட்டேன்னா சொல்றது?”

லம்யாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பெரும்பங்கு தன் மேலேயே. சட்டியையும் கூடையையும் எட்டிப் பார்த்தவள், மாத்திரை யார் வாய்க்குள் போகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

“எந்த ஊர் அட்டையும் எங்கயும் செல்லும்னு மாத்தி எத்தனை மாசமாச்சு! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டா நீ திட்டுவியே.”

மறுநாள் காலையிலேயே விச்சியனை லம்யாய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவர் தன் பெயர் எழுதிய மாத்திரைப் பையோடு திரும்பினார்.

மூன்று மாதம் கழித்துப் புன்ருவனுக்கு ரத்தம் எடுத்தார்கள். சிவப்பு, மஞ்சளாகியிருந்தது. ஊசி வேண்டாம் என்றார் நர்ஸ். லம்யாய் பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள்.

“ஊசி எனக்கில்லைன்னுதானே சொன்னாங்க, நீ ஏண்டி அழுற?”

லம்யாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“ரெண்டு காலும் இருக்குல்ல? பேசாம நடங்கக்கா, வீட்டுக்குப் போவோம்.”