வலது ஷூவின் மூக்கு

கோல்ஃப் பந்தின் அருகே வந்து நின்றதும் அவர் வானத்தைப் பார்ப்பார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளாக இருந்தாலும் சரி, "மழை வருமோ?" என்று ஒரு கேள்வி. கூட விளையாடுகிறவர்கள் மரியாதைக்காகத் தாங்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த இரண்டு விநாடிக்குள் அவருடைய வலது கால் தன் காரியத்தை முடித்துவிடும். கல் இடுக்கில் கிடந்த பந்து புல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு, கூலிக்கு மட்டைப் பையைச் சுமந்து நிற்கும் அம்மாவிடம் திரும்பி, "இப்ப நல்லா இருக்கா, முன்னால நல்லா இருந்துச்சா?" என்பார். "இப்பதான் சார் நல்லா இருக்கு" என்பாள் அவள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி.

இந்தக் கேள்வி அவருடைய தொழிலில் இருந்து வந்தது. கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடை அவருடையது. நாலு பேர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போய்த்தான் கதவைச் சாத்த வேண்டும். பின்னால் இருட்டறை. அங்கே வாடிக்கையாளரை நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, லென்ஸ்களைச் செருகுவதும் எடுப்பதுமாக முப்பது வருஷமாக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். யார் கண்ணில் எவ்வளவு குறை என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கே பார்வை கொஞ்சம் மங்கிவிடும். ஏழு தடவை அடித்தது ஐந்தாகத் தெரியும். ஆறு, நாலாகத் தெரியும். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போட்டவருக்கே ஜெயம் என்கிற ஆட்டத்தில், தெரிகிறபடியே அட்டையில் எழுதிவிடுவார். கிளப்பில் அவருக்கு 'மைனஸ் டூ' என்று பெயர். கண்ணாடிக் கடைக்காரர் என்பதால் செல்லமாக வைத்த பெயர் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த மலையில் கோல்ஃப் மைதானம் போட்டவன் யாரோ, கோல்ஃப் ஆடுகிறவர்கள்மேல் தீராத பகை உள்ளவனாக இருக்க வேண்டும். பதினெட்டுக் குழிகளுக்கு நடுவே சமதரை என்று சொல்லத்தக்கது வண்டி நிறுத்துகிற இடம் ஒன்றுதான். மற்ற இடத்தில் எல்லாம் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடது பக்கம் அடித்தால் பாறை, வலது பக்கம் அடித்தால் பள்ளத்தாக்கு, நேராக அடித்தால் மூடுபனி. மேட்டைப் பார்த்து அடித்த பந்து, மறந்து வைத்ததை எடுக்க வந்தாற்போல, உருண்டு உருண்டு அடித்தவர் காலடிக்கே திரும்பி வரும். ஊரில் உள்ள நல்ல ஆட்டக்காரர்கள் ஒரு முறை வந்துவிட்டு, "இதெல்லாம் ஆடு மேய்க்கிற இடம்" என்று சொல்லிச் சமவெளிக்கு ஓடிப்போனார்கள். மைனஸ் டூ ஓடவில்லை. பதினோரு வருஷமாக, வாரம் தவறாமல் ஏறுகிறார்.

அடிக்கும் முன் அவர் செய்கிற சடங்குகள் தனி. கையுறையை இழுத்து விடுவார். புல்லைக் கிள்ளிக் காற்றில் விடுவார். அது எந்தப் பக்கம் போனாலும் "ம்ம்" என்பார். பிறகு இடுப்பை ஒன்பது தடவை அசைப்பார். ஏழோ பத்தோ இல்லை, கணக்காக ஒன்பது. பின்னால் காத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். பந்து பள்ளத்தில் விழுந்தால் காற்று திரும்பிவிட்டது. காற்றே இல்லாத நாளில் யாரோ இருமிவிட்டார்கள். யாரும் இருமவில்லை என்றால், "நேத்து சரியா தூக்கம் இல்ல." ஆனால் அடுத்தவருக்குப் புத்தி சொல்வதில் மனிதர் கில்லாடி. "அடிக்கும்போது தலையைத் தூக்காதீங்க சார், தூக்கினா போச்சு" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். அப்படித் தலையைக் குனிந்துகொண்டு அடித்தவர்கள் எல்லோரும் அவரை ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

ஷூக்களை வருஷத்துக்கு ஒரு முறை தைக்கக் கொடுப்பார். இடது ஷூ புதுசு போல இருக்கும். வலது ஷூவின் மூக்கு மட்டும் தேய்ந்து பல்லை இளிக்கும். தைக்கிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார் ஃபுட்பால் ஆடுறீங்களா?" என்று கேட்டார். "பந்து விளையாட்டுதான்" என்று சொல்லி வைத்தார் இவர்.

பையைச் சுமக்கும் அம்மாவை எல்லோரும் பைக்காரம்மா என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தோளில் அவருடைய பதினான்கு மட்டைகள். அவற்றில் பத்தை அவர் தொட்டதே இல்லை. ஒரு முறை, பெரிய மனசு பண்ணி, கடைக்கு வரச் சொல்லி அவளுக்கு இலவசமாகக் கண் பரிசோதித்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரியையும் படித்துவிட்டு, அதற்கும் கீழே மூலையில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தாள் அவள். அன்றைக்கே அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சுவர். பதினாலாவது குழிக்கு அடிக்கிற இடம் மலையின் ஒரு முனையில் இருக்கிறது. குழி இருப்பது எதிர்முனையில். நடுவே அதலபாதாளம், அதைக் கடக்க குறுகலான ஓர் இரும்புப் பாலம். முதல் அடியிலேயே பந்தை அக்கரை சேர்த்தவர், தன் தொப்பியைக் கழற்றிக் கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டலாம். ஆணி அவரவரே கொண்டுவர வேண்டும். ஒரு வருகைக்கு ஒரே ஓர் அடிதான் செல்லும். பை சுமந்தவர் சுவருக்கு முன்னால் நின்று, "பந்து விழுந்த இடத்துலயே கிடந்துச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சுத்தியலை எடுக்கலாம். அடித்தவர் பந்தை அரை அங்குலம் நகர்த்தியிருந்தாலும் தொப்பி தலையோடுதான். சுவரில் இதுவரை நாற்பத்தொரு தொப்பிகள். மைனஸ் டூவின் பையில், பக்கவாட்டு அறையில், லென்ஸ் துடைக்கும் துணியில் சுற்றிய பித்தளை ஆணி ஒன்று பதினோரு வருஷமாகக் கிடக்கிறது. மாதம் ஒரு முறை எடுத்துத் துடைத்து வைப்பார்.

நாற்பத்தொன்றாவது தொப்பி யாருடையது என்பதுதான் வயிற்றெரிச்சல். அது மஞ்சள் நிறம். முன்பக்கத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ஸ்கூலை நடத்துகிறவன் இவருடைய மச்சினன், மனைவியின் உடன்பிறந்த தம்பி. இவர்தான் பெருமையாக அவனை மலைக்கு அழைத்து வந்தார். மூன்றாவது வருகையில், இவரிடமே இரவல் வாங்கிய மட்டையால், தன் ஸ்கூலில் யாரோ ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் முட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே ஓர் அடி அடித்தான். பந்து அக்கரையில். "இதுதானா மாமா அந்தக் குழி?" என்று வேறு கேட்டான். அன்றிலிருந்து இவர் சாப்பாட்டுக் கூடத்தில் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். வீட்டில் அந்த வசதி இல்லை. "என் தம்பி பேசிக்கிட்டே தாண்டிட்டானாமே! நீங்க பதினோரு வருஷமா அங்க போய் என்னதான் பண்றீங்க?" என்பாள் மனைவி. அவளுக்குக் கோல்ஃப் என்றால் என்ன என்றே தெரியாது. எங்கே அடித்தால் வலிக்கும் என்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் பைக்காரம்மாவிடம் நூல் விட்டுப் பார்த்தார். "பந்து ஏதோ ஒண்ணு அக்கரையில கிடக்குதுன்னு வச்சுக்கோம்மா. நம்ம பந்து மாதிரியே. அப்ப நீ..." அவள் முடிக்க விடவில்லை. "அட்டையில எழுதுறது உங்க பாடு சார். நான் ஒண்ணும் கேட்டதில்ல. சுவத்துக்கு முன்னால சொல்றது என் பாடு. அதுல கைய வைக்காதீங்க" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நீங்க நெசமா ஒரு தடவ தாண்டுங்க சார். நான் கத்திச் சொல்றேன்" என்றாள். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த ஆணியைப் பதினோரு வருஷமாகச் சுமக்கிறவள் அவள்தானே.

போன மாதம் பதினாலாவது முனையில் தரையில் வெடிப்பு விட்டது. மலை சரியலாம் என்று வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வாரத்திலிருந்து அடிக்கிற இடம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போகிறது என்று கிளப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். அதாவது, தாண்டுவதற்குப் பள்ளமே இருக்காது. சுவரில் இனிப் புதுத் தொப்பி ஏறாது. அறிவிப்பைப் படித்துவிட்டு மைனஸ் டூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்தார். அந்த வாரம் முழுக்கக் கடையில் அவர் அவராக இல்லை. ஒரு வாத்தியாருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். மனிதர் படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் நன்றாக இருக்க வேண்டுமே. மச்சினனும் கூட வந்திருந்தான், "மாமாவுக்குத் துணைக்கு" என்று. முதல் பதிமூன்று குழிகளில் வழக்கம் போல மழையைப் பற்றி நிறையப் பேச்சு நடந்தது. பதினாலாவது முனைக்கு வந்தபோது எதிரே பனி திரண்டு வந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் மாமா, மூடிடும் போல இருக்கு!" என்றான் மச்சினன்.

கையுறையை இழுக்கவில்லை. புல்லைக் கிள்ளவில்லை. இடுப்பு ஒரு தடவைகூட அசையவில்லை. அதற்கெல்லாம் நேரம் இல்லாததால், அவர் வாழ்க்கையில் முதல் முறையாகச் சும்மா அடித்தார். தலையும் தூக்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பந்து பள்ளத்தின் மேலே ஏறி, பனிக்குள் மறைந்து, மறுபக்கம் வெளிப்பட்டு, அக்கரைப் புல்லில் ஒரு முறை குதித்து நின்றது.

"சார்..." என்று மட்டும் சொன்னாள் பைக்காரம்மா.

அவர் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், இரும்புப் பாலம் தடதடக்க, தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பைக்கும் மச்சினனுக்கும் முன்னால் ஓடினார். அக்கரை போய்ச் சேரும்போது பனி விலகி வானம் துடைத்துவிட்டாற்போல நீலமாக இருந்தது. பந்து கிடந்த இடம் மாதிரி ஓர் இடம் அந்த மலையில் அவருக்கு வாய்த்ததே இல்லை. கல் இல்லை, சரிவு இல்லை, பள்ளம் இல்லை. கத்தரித்து விட்ட புல்லின்மேல், தட்டில் வைத்து நீட்டினாற்போல இருந்தது. அவர் அதன் அருகே போய் நின்றார். மனசு நிறைந்திருந்தது.

நின்றவர் வானத்தைப் பார்த்தார்.

"மழை வருமோ?"

கேட்பதற்குப் பக்கத்தில் ஆள்கூட இல்லை. வலது கால் அதையெல்லாம் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாகச் செய்ததைச் செய்தது. பந்து ஒரு சாண் நகர்ந்து, அந்தப் புல்வெளியிலேயே இருந்த ஒரே கூழாங்கல்லில் முட்டி நின்றது. பின்னால் பை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. காலுக்குப் பின்னாலேயே போய்ப் பழகிய வாய், தானாகத் திறந்தது.

"இப்ப நல்லா இருக்கா, முன்னால நல்லா..."

பாதியிலேயே அவருக்கு உறைத்துவிட்டது. ஆனாலும் வாக்கியம் தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது. "...இருந்துச்சா?"

பைக்காரம்மா இந்தத் தடவை பள்ளத்தாக்கைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முன்னாலதான் சார் நல்லா இருந்துச்சு" என்றாள். பிறகு கோபம் தாங்காமல், "ஏன் சார்? நல்லாத்தானே கெடந்துச்சு? பாலத்துலேருந்தே பாத்துக்கிட்டு வந்தேனே!" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் மச்சினன். "மாமா! தாண்டிட்டீங்க மாமா! ஆணி எங்க? எடுங்க!" என்றவன், அவள் முகத்தைப் பார்த்தான். மாமா முகத்தைப் பார்த்தான். புல்லில் பந்து உருண்ட தடத்தையும், அது தொடங்குகிற இடத்தில் இருந்த ஷூவையும் பார்த்தான். மேகம் ஒன்றுகூட இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மழை வரும் போல இருக்கு மாமா" என்றான்.

மைனஸ் டூ பையின் பக்கவாட்டு அறையைத் திறந்து, துணியைப் பிரித்து, ஆணியை எடுத்தார். பள்ளத்தில் வீசப்போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் புல்வெளி ஓரத்துப் பாறை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி இடது முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். ஷூவின் மூக்கில் ஒட்டியிருந்த மண்ணை ஆணியின் முனையால், லென்ஸில் இருக்கும் தூசியை எடுக்கிறவர் போல, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார்.