பேரம் பேசி மாட்டிய வளையம்

தெலுங்கு பேசும் இந்த ஊரில் பழைய ஆபீஸ் சாமான் வாங்கி விற்கும் தொழிலில் இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஒருவன்கூட உன்னைப்போல் இரண்டாவது வார்த்தைக்கே இறங்கி வந்து என்னைக் கவிழ்த்ததில்லை, தம்பி. பெயரைச் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டை கட்டி உட்கார்ந்து, என் ஆபரேஷனுக்கு பேக்கேஜ் பேசினாயே, உனக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது என் எடை நூற்றிருபத்தாறு கிலோ. எடை குறைய இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு வளையம் மாட்டுகிறார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். தோலுக்கடியில் சின்னதாக ஒரு வாய் வைத்திருப்பார்கள். அதன் வழியாக ஊசியால் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். சரியான அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒரு வருஷம் அவ்வப்போது போய்ச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வருஷ வருகைதான் பேக்கேஜ் தாளில் கடைசியாக இருந்தது. நான் திரும்பி வருகிற ஆள் இல்லை, அதைக் கழித்துவிடு என்றேன். முதலில் தலையை ஆட்டினாய். இன்னொரு தடவை சொன்னதும் பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாய். முதல் தடவை இறுக்கியதோடு எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் உறவு முடிந்தது. அந்த இறுக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அதற்கப்புறம் நடந்ததை, என்னைப்போல் வளையம் மாட்டிக்கொண்டு தோசையைப் பார்த்தாலே பயப்படுகிற சகோதர சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

மென்றால் விலை குறையும்

மாதாப்பூரில் ஒரு கம்பெனி ஆபீஸைக் காலி செய்தது. அறுபது சுழல் நாற்காலி, பன்னிரண்டு மேஜை. பொறுப்பில் இருந்தது ஒரு கோயம்புத்தூர்ப் பெண். அன்று அவர்களுக்குக் கடைசி நாள் விருந்து. எனக்கும் ஒரு தட்டு பிரியாணி வந்தது. வேண்டாம் என்றால் வியாபாரத்துக்கு மரியாதை இல்லை. எங்களுக்கோ ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும் என்று விதி. அவள் விலை சொன்னபோது நான் பதினொன்றில் இருந்தேன்.

வாயைத் திறக்க முடியாது. கண்ணை மூடி மென்றேன். அவள் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். மென்றேன். இன்னும் குறைத்தாள். முப்பது முடிந்து விழுங்கியதும் அது பாதி வழியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. முகம் கோணியிருக்கும் போல. அதுவரை நான் ஒரு விலையும் கேட்டிருக்கவில்லை. அவளே சொன்னாள்: "சரிங்ணா, நீங்க கேக்கற வெலைக்கே எடுத்துக்கோங்க, மொகத்த மட்டும் இப்படி வெச்சுக்காதீங்க."

போலாரத்து பீரோ

வளையத்தால் லாபம்தான் என்று ஒரு வாரம் திமிராகத் திரிந்தேன். அடுத்த வாரமே அது திருப்பிக் கொடுத்தது. போலாரத்தில் ஒரு பெரியவர், பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர், வீட்டுத் தேக்கு பீரோவை விற்கிறேன் என்று கூப்பிட்டிருந்தார். அப்படி ஒரு பீரோவை நான் அதற்கு முன்னால் தொட்டதில்லை. அவர் மனைவி இரண்டு தோசை கொண்டுவந்து வைத்தார். பேரம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் எண்ணிக்கையை மறந்து இரண்டு வாயை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அடைத்துக்கொண்டது. வளையம் மாட்டியவர்களுக்கு அடுத்தது என்னவென்று நான் சொல்லவேண்டியதில்லை. வாய் முழுக்க எச்சில் ஊறும், விக்கல் வரும், கண் சிவக்கும், பேச்சு குழறும். சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் எல்லாம் வெளியே வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தள்ளாடித் திரும்பி வந்தால், பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெரியவர் நிற்கிறார். "காலங்காத்தாலயே ஊத்திண்டு வந்து என் பீரோவுக்கு விலை கேக்கறியாடா நீ?"

வாட்ச்மேன்

காஜா என் லோடு ஆட்டோவை ஓட்டுகிறவன். தமிழன்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேயே, பேச்சில் ஊர் உருது கலந்துவிடும். சோறு இறங்காத நாளில் எனக்கு எது இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தவன் அவன். ஐஸ்கிரீம், மாம்பழ ஜூஸ், பால்கோவாவைக் கரைத்த பால், எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். பசி தாங்காமல் வண்டியிலேயே வைத்துக் குடிப்பேன். மூன்று மாதத்தில் பதினாறு கிலோ குறைந்தவன், நாலாவது மாதம் ஐந்து கிலோ ஏறிவிட்டேன். எடை மிஷினையே அடித்து நொறுக்கலாம் போல இருந்தது. குடோனிலிருந்த எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். காஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "வயித்துக்கு வாட்ச்மேன் போட்டீங்க சேட், அவன் சோத்த நிறுத்துறான், ஐஸ்கிரீமுக்கு சல்யூட் அடிக்கிறான். இப்படி ஒரு வாட்ச்மேன் நக்கோ சேட், வேணவே வேணாம், வேலைய விட்டுத் தூக்குங்க."

ஒரு மடக்குத் தண்ணீர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தண்ணீரும் நின்றது. ஒரு மடக்கு குடித்தேன், அப்படியே திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் என் மனைவி செல்வி. நானே அடிக்கச் சொன்ன வரி, இப்போது அதற்காகப் போய் நின்றால் பேக்கேஜ் பேசிய அந்த டைக்காரன் உள்ளுக்குள் சிரிப்பான் என்றேன். மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள். "அவன் சிரிக்கிறதுதான் உங்களுக்குப் பெருசா தெரியுது. மூணு வேளையும் நான் சாப்புடாம உங்க தொண்டையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேனே, அது தெரியல."

அதற்கும் நான் போகவில்லை.

திரும்ப வாங்குவதில்லை

விற்ற சாமான் திரும்ப வாங்கப்படாது என்று குடோன் வாசலில் மூன்று மொழியில் போர்டு வைத்திருக்கிறேன். கொண்டாப்பூரிலிருந்து ஒரு சாப்ட்வேர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம், மாதாப்பூரில் எடுத்த நாற்காலிகளில் ஒன்றை வாங்கினார். வீட்டுக்கு வந்து உயரமும் சாய்வும் பொருத்திக் கொடுக்கிற வேலை வேண்டாம், அதைக் கழித்துவிடுங்கள் என்றார். உடனே கழித்தேன். அந்த நாற்காலியின் முதுகுத் திருகை ஆளைப் பார்த்துத்தான் வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஓர் அலைச்சல் மிச்சம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். போர்டைக் காட்டிக் கத்தினேன். நீதானே கழிக்கச் சொன்னாய் என்று நாலு தடவை கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "கழிக்கச் சொன்னது நாந்தாம்ணே. ஆனா அது இல்லாம உக்கார முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

அன்று சாயங்காலமே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே கொண்டாப்பூர் போனேன். அவரை உட்காரவைத்து, முதுகுக்குச் சரியாகத் திருகி, மூன்று தடவை எழுந்து உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி உன் முறை, தம்பி. கழிக்கச் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் விழுங்க முடியாது என்று உனக்குத் தெரியும். முடியாது சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிஷம் கத்திவிட்டு இறங்கி வந்திருப்பேன். என் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் என்னைச் சமாளிக்கிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன். செல்வியும் வருகிறாள். கோடு போட்ட அதே பேனாவை எடுத்து அந்த வரியைத் திரும்ப எழுது. டாக்டரிடம் அனுப்பி இந்த வளையத்தைத் தளர்த்திக் கொடு. பழக்கதோஷத்தில் நான் எதையாவது கழிக்கச் சொன்னால், இந்தத் தடவையாவது முடியாது என்று சொல்.