பின்சீட்டில் நூற்றுப் பதினெட்டு கிலோ

என் அக்காவின் கணவர் சம்பந்தம் பல வருஷம் ஒரே வேலையைப் பார்த்தார். காரில் ஏறிப் பின்சீட்டில் உட்காருவார். கார் அவருடையது அல்ல, ஓட்டுபவரும் அவர் அல்ல. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்க மாமா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். "ஆட்டோமொபைல் லைன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மாமாவுக்குப் பெருங்களத்தூர் பக்கம் நிலம் இருந்தது. எண்பத்து மூன்றில் அது கல் நட்டு, நம்பர் போட்டு, மனை மனையாக விற்றுப்போனது. அதன்பிறகு சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறைவில்லை என்பதை அவர் தினமும் மூன்று வேளை நிரூபித்தார். மற்றபடி காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரும்புலியூரில் காஜாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் போய் நின்று, திறந்து கிடக்கும் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

காஜா கார்புரேட்டர் ட்யூனிங்கில், அதாவது இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைச் சரியான அளவில் வைப்பதில், கெட்டிக்காரர். பியட்டும் அம்பாசடரும் தாம்பரம் முழுக்க அவரைத் தேடி வரும். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "தனியா போனா எந்த வண்டியும் நல்லாத்தான் போவும். குடும்பத்தோட போறப்பதான் அதோட யோக்கியத தெரியும்." ஆகவே ரோட்டில் ஓட்டி ட்யூன் செய்யும்போது பின்சீட்டில் கனம் வேண்டும். முதலில் டீக்கடையில் சும்மா இருக்கும் மூன்று பேரை ஏற்றிப் போனார். அவர்கள் வழியெல்லாம் கட்சிச் சண்டை போட்டார்கள். இன்ஜின் சத்தம் காஜாவுக்குக் கேட்கவில்லை.

ஒருநாள் காஜா மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கவாட்டிலும் பார்த்தார். "அண்ணா, சும்மா ஏறி உக்காரு" என்றார். அப்போது விறகு வியாபாரி துரைராஜின் தொட்டியில் இருந்த பெரிய தராசில் மாமாவின் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. இரண்டு ஆள் கனம், ஒரு ஆளின் வாய். அதுவும் அதிகம் பேசாத வாய்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே கூடுவாஞ்சேரி வரை போவார்கள். நடுவில் புளியமர நிழலில் காஜா வண்டியை நிறுத்துவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, டீ நிறத்தில் இருந்தால் சரி. ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு மறுபடி கிளம்புவார். கிளம்பியதும் கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி இன்னா சொல்லுது?" என்று கேட்பார்.

"இருமுது" என்பார் மாமா. இல்லாவிட்டால், "சொணங்குது." சில சமயம், "இடுப்புல இடிக்குது." காஜா மறுபடி இறங்கி மறுபடி திருகுவார். ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து பதிலே வராது. மாமா தூங்கியிருப்பார். உடனே காஜா வண்டியைத் திருப்பிவிடுவார், ட்யூனிங் முடிந்தது என்று அர்த்தம். வண்டி எடுக்க வருகிறவர்கள் பில்லைப் பார்க்குமுன், "சம்பந்தம் தூங்கினாரா?" என்று கேட்பது தாம்பரத்தில் வழக்கமாகிவிட்டது.

திரும்பி வரும் வழியில் வண்டலூரில் பரோட்டா சாப்பிடுவார்கள். காஜா இரண்டு, மாமா ஆறு.

தொண்ணூற்றொன்றில் மாமாவுக்குக் காலில் புண் வந்து ஆறவில்லை. டாக்டர் சோதித்துவிட்டுச் சர்க்கரை என்றார். உடம்பைத் தொண்ணூறு கிலோவுக்குக் கொண்டுவராவிட்டால் கால் போகும், அதற்குப் பிறகு ஆளும் போவார் என்றார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அக்கா பொன்னியம்மாள் அன்று மாலையே அரிசிப் பானையைக் கவிழ்த்துக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினாள். மாமா கூழையும் குடித்தார், வண்டலூரில் ஆறு பரோட்டாவும் சாப்பிட்டார். மாசக் கடைசியில் தராசு நூற்றுப் பத்தொன்பது காட்டியது.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சீக்கிரம் வரும். "காலை எடுத்துடுவாங்க மாமா, தெரியுமா?" என்று கத்தினேன்.

"நான் எளைச்சிட்டா காஜாவுக்கு நான் எதுக்குடா?" என்றார் மாமா. "நிலம் போனப்புறம் என்னை வான்னு கூப்புட்டது அவன் ஒருத்தன்தான்."

அடுப்படியில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் அவள் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம், இது எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

அந்தச் சமயம் பார்த்துக் குரோம்பேட்டையில் மிஷின் வந்தது. லக்ஷ்மிநாராயணன் என்ற ரிட்டயர்டு இன்ஜினியர் எங்கோ ஏலத்தில் எடுத்துவந்து ஷெட்டில் பதித்திருந்தார். டைனோ என்று அதற்குப் பெயர். தரையில் இரண்டு உருளைகள். காரின் பின்சக்கரங்களை அதன்மேல் ஏற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், கார் நின்ற இடத்தில் நிற்கும். இன்ஜினின் பலம் எவ்வளவு என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும். புளியமரம் வேண்டாம், பரோட்டா வேண்டாம், மாமா வேண்டாம். அக்கா அந்த மிஷினைப் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் புகழைத் தாம்பரம் மார்க்கெட்டில் அவளைப்போல் பரப்பியவர்கள் யாருமில்லை.

விறகுத் தொட்டி துரைராஜ் குடும்பத்தோடு திருப்பதி மலை ஏற வேண்டியிருந்தது. அவருடைய பியட்டைக் காஜாவிடம் விடுவதா, மிஷினில் ஏற்றுவதா என்று அவருக்கு ஒரே குழப்பம். அக்கா நேராகத் தொட்டிக்கே போய்விட்டாள்.

"மலப்பாதைங்க. புள்ளகுட்டியோட போறீங்க. கணக்கா பாக்கறது மிஷின்தானே" என்றாள்.

"உங்க வூட்டுக்காரரே காஜா கூடத்தான் கீறாரு?"

"அதனாலதான் சொல்றேன்."

துரைராஜ் மிஷின் என்று முடிவு செய்தார். நியாயமான மனிதர் என்பதால் மாமாவையும் பார்க்க வரச் சொன்னார். நானும் போனேன். லக்ஷ்மிநாராயணன் பியட்டை உருளைமேல் ஏற்றிச் சங்கிலியால் கட்டி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சக்கரம் கிறீச்சென்று வழுக்கியது. மறுபடி மிதித்தார், மறுபடி வழுக்கியது.

"பின்னாடி வெயிட் பத்தலை சார். டயருக்குப் பிடிப்பு கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஒரு இடத்தில் நின்றது. "சார், தப்பா நினைக்கலைன்னா..."

மாமா தப்பாக நினைக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்தார். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருபது நிமிஷம் பயணம் செய்தார். சுவரில் ஒரு டயர் கம்பெனி காலண்டர் இருந்தது. அது பக்கத்திலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. இறங்கும்போது சட்டை முழுக்க வியர்வை.

"இன்னும் ஆவல" என்றார்.

"எது ஆகலை?" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"தூக்கம் வர்ல."

லக்ஷ்மிநாராயணன் காகிதத்தைக் காட்டினார். கோடு அழகாக மேலே போயிருந்தது. நல்ல மனிதர், நன்றி சொல்லி மாமாவுக்குக் காபியும் கொடுத்தார். "அடுத்த தடவை உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். நாலு மணல் மூட்டை சொல்லியிருக்கேன்" என்றார்.

மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

பியட் திருப்பதி மலையைச் சிரமமில்லாமல் ஏறிவிட்டு வந்தது. மாமா அதைக் கேட்டுத் தலையாட்டினார். அன்றிலிருந்து இரும்புலியூர் பக்கம் போகவில்லை. மூட்டையால் ஆகிற வேலைக்கு மனுஷன் எதற்கு என்று ஒருமுறை சொன்னார், அதற்குமேல் பேச்சில்லை. கூழை வைத்தால் குடித்தார், வைக்காவிட்டால் கேட்கவில்லை. மாதாமாதம் துரைராஜின் தராசில் எடை இறங்கியது. நூற்றுப் பத்து, நூற்று மூன்று. கால் புண் ஆறியது. அக்கா முதல் மாசம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மூன்றாம் மாசம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண்ணு மூடாம படுத்துனு கீறாருடா. ரெண்டு மாசமா தூக்கமே இல்ல. நான் தப்பு பண்ணிட்டேன்" என்று அழுதாள். எனக்கு அதுவரை மாமாமீது கோபம்தான் வந்திருக்கிறது. அன்று பாவமாக இருந்தது.

மறுநாள் அவளே ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். காஜாவிடம் என்ன சொன்னாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைராஜின் பியட் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் காஜா. பின்சீட்டில் ஒரு சிமெண்ட் சாக்கு உட்கார்ந்திருந்தது, வாய் கட்டி, உள்ளே மணல்.

"இந்த வண்டி மலை ஏறிச்சாம், மார்க்கெட்டு தாண்ட மாட்டேங்குதாம்" என்றார் காஜா. "மெதுவா போனா இருமுது. துரைராஜு கொணாந்து வுட்டுட்டாரு. ஏறுண்ணா."

மாமா வாசற்படியிலேயே நின்றார். "அதான் மூட்டை கீதே."

"அது இருபத்தி நாலு கிலோ. நீ எளைச்சது. துரைராஜைக் கேட்டு அவரு தராசுல நிறுத்துப் போட்டேன். மிச்சம் தொண்ணூத்தி நாலு நீதானே?"

"முழுசா மூட்டையே வெச்சிக்கோயேன். வாய் பேசாது."

"வெச்சிப் பாத்தேன். நேத்து அஞ்சு மூட்டை ஏத்தி ஊரப்பாக்கம் வரைக்கும் போனேன். பின்னாடி இன்னா சொல்லுதுன்னு கேட்டா பதிலே இல்ல." காஜா சிரிக்கவில்லை. "ஏறினதுலேர்ந்து தூங்கினே வர்து. வண்டி ரெடியா இல்லியான்னு நான் எத்த நம்பறது?"

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். மூட்டையைக் கொஞ்சம் தள்ளி இடம் செய்துகொண்டார். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

பெருங்களத்தூர் சந்தை நெரிசலில் வண்டி ஊர்ந்தது. "இருமுது" என்றார் மாமா. காஜா இறங்கித் திருகினார். "ம். இப்ப இடிக்குது." மறுபடி இறங்கினார். வண்டலூரில் பரோட்டாக் கடை வந்தது. காஜா அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை, அதை மாமாவும் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஊரப்பாக்கம் தாண்டியதும் காஜா கண்ணாடியில் பார்த்து, "பின்னாடி இன்னா சொல்லுது?" என்று கேட்டார். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா மணல் மூட்டைமேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

கூடுவாஞ்சேரி வந்தது. காஜா வண்டியைத் திருப்பவில்லை. மறைமலைநகரும் போயிற்று.

"ட்யூனிங்தான் முடிஞ்சிடுச்சே பாய், திரும்பலாமே" என்றேன்.

"மெதுவா பேசு" என்றார் காஜா. "ரெண்டு மாசமா தூங்கலியாம், அக்கா சொல்லிச்சி. செங்கல்பட்டு வரைக்கும் போவட்டும்."